குங்குமம் மடித்த தாள்

ஏகாம்பரம்,

மூட்டுவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கத் தேவையே இல்லாமல் உன் கடிதத்தின் எழுத்தே துள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. சனிக்கிழமை தபால்காரர் கையில் கொடுத்ததும் வாசலிலேயே நின்று படித்தேன். உங்கள் கல்லூரிப் பரீட்சை ஹாலில் ஒரு பையனின் சட்டைப் பையில் திருநீறு மடித்த தாள் அகப்பட்டதும், அந்தத் தாளில் பாடம் எழுதியிருந்ததும், புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் அதைப் பிடித்துப் புகார் எழுதிக் கொடுத்ததும், பிரசாதத்தை அவமதித்துவிட்டாள் என்று பையன் வீட்டார் கூச்சல் போடுவதும், அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்வதும், வியாழக்கிழமை விசாரணையில் உட்காரப்போகிறவர்களில் நீயும் ஒருவன் என்பதும் வரிசையாக எழுதியிருந்தாய். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. "அங்கே உன் கதையைத்தான்மா சொல்லப்போகிறேன்" என்ற வரி வந்ததும் கடிதத்தை மடித்துக்கொண்டேன். உள்ளே வந்து உட்கார்ந்தவள் அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கைக்கு வந்த தாளில் குங்குமம் மடித்துக் கொடுத்தேன் என்ற அந்தக் கதையை நீ சொல்லக்கூடாது. நான் வெட்கப்பட்டுக்கொண்டு தடுக்கிறேன் என்று நினைக்காதே. பெருமைக்கு ஆசைப்படுகிறவள்தான் நான், அது உனக்கும் தெரியும். நீ லெக்சரர் ஆன செய்தியைப் பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லிவிட்டு, கேட்காதவர்கள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு நடந்தவள். சொல்லக்கூடாது என்கிறேனே, அது பொய்க்கதை என்பதால். நீ பொய் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்ததைத்தான் இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்தது பொய்யாக இருப்பதற்கு நான்தான் காரணம்.

நீ பி.யூ.சி. படித்த வருஷத்தை நினைத்துப் பார். உன் அப்பாவின் தறிக்குப் பக்கத்திலேயே இன்னொரு தறி ஆள் இல்லாமல் கிடந்தது. அப்பா யாருக்கு நெய்தாரோ அந்த முதலாளி ஒருநாள் வீட்டுக்கே வந்து அந்தத் தறியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பையன் பாஸ் பண்ணா படிக்கட்டும்பா. இல்லன்னா இத ஏன் சும்மா போட்டு வெச்சிக்கினு இருக்கறே? உக்கார வெச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவும் சரியென்றுதான் தலையாட்டினார். நெய்வதில் கேவலம் ஒன்றும் இல்லை, அந்தச் சோற்றில்தான் நாம் வளர்ந்தோம். ஆனால் நீ காலேஜுக்குப் போகிறபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தவள் நான். அன்றையிலிருந்து அந்தக் காலித் தறியைக் கடந்து சமையலறைக்குப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பரீட்சை நெருங்க நெருங்க, நீ படித்தாயோ இல்லையோ, நான் தூங்கவில்லை.

சாயங்காலங்களில் நான் ராட்டையில் தறிக்கு வேண்டிய நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருக்க, எதிரே நீ உட்கார்ந்து பாடம் ஒப்பிப்பாய். உன் நோட்டு என் மடியில் இருக்கும். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் இங்கிலீஷ் எழுத்துகளை நான் மறந்துவிடவில்லை. அர்த்தம் தெரியாது, ஆனால் நீ சொல்கிற வார்த்தை தாளில் இருக்கிறதா என்று விரலை வைத்துக்கொண்டே வருவேன். ஒன்றை விட்டுவிட்டால், "இங்க ஒரு வார்த்த முழுங்கிட்டே" என்று பிடித்துவிடுவேன். "இன்னாமா நீ, எங்க சாரை விட மோசமா இருக்கறே" என்று சிணுங்குவாய். எல்லாப் பாடமும் கடகடவென்று வரும், ஒன்றைத் தவிர. கந்தக அமிலம் தயாரிக்கிற பாடம். அதில் வரிசையாக அண்டா வைத்த மாதிரி ஒரு படம் இருக்கும், கீழே கணக்கு மாதிரி எழுத்தும் எண்ணும் இருக்கும். அங்கே வந்தால் உன் வாய் நின்றுவிடும். அதை மட்டும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்ப்பாய். மற்ற பாடங்களின் தாள்களோடு அவையும் சேர்ந்து ராட்டைக்கு அடியில் ஒரு கட்டாகக் கிடந்தன.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. கெமிஸ்ட்ரிப் பரீட்சை அன்று காலையில் நடை திறந்ததும் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். குருக்கள் குங்குமத்தை வாழையிலைத் துண்டில்தான் மடித்துக் கொடுத்தார். அதை அப்படியே உன்னிடம் கொடுத்திருக்கலாம். நீ கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாய். இலை ஈரம், சட்டையில் கறை படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ராட்டைக்கு அடியிலிருந்த கட்டை எடுத்தேன். மேலே இருந்தது வேறு ஏதோ பாடம். அதைத் தள்ளி வைத்தேன். அடுத்ததையும் தள்ளினேன். அண்டா படம் போட்ட தாள் வருகிற வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். வந்ததும் அதை எடுத்துக் குங்குமத்தை அதில் கொட்டி மடித்தேன். "அம்மன் குங்குமம், பையிலயே இருக்கட்டும், எடுத்துடாதே" என்று உன் சட்டைப் பையில் நானே வைத்தேன். நீ என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாய். அது எதற்கு என்று பிற்பாடு என்னிடம் நானே எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பாடம் உன் நெஞ்சோடு இருந்தால் ஒரு தைரியம், அவ்வளவுதான் என்று. அதெல்லாம் சும்மா. நீ தடுமாறினால் கை தானாகப் பைக்குள் போகட்டும் என்றுதான் வைத்தேன்.

ஹாலில் நடந்ததை அன்று சாயங்காலம் நீயே எனக்குச் சொன்னாய். அதை நீ மறந்துவிட்டாய் என்பது உன் இந்தக் கடிதத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. "அந்த ஆள் குங்குமத்தைத் தரையில் கொட்டிவிட்டுத் தாளைப் பிடுங்கிக்கொண்டான்" என்று எழுதியிருக்கிறாய். இல்லை கண்ணு. கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன்னால் நீ நெற்றியில் வைத்துக்கொள்ளலாம் என்று பொட்டலத்தை வெளியே எடுத்திருக்கிறாய். உங்கள் கெமிஸ்ட்ரி ட்யூட்டர் ரஹீம் சார் பக்கத்தில் வந்து, "காட்டுப்பா" என்று வாங்கிப் பிரித்திருக்கிறார். தாளைப் பார்த்தவர் மேஜையில் இருந்த மை ஒற்றும் தாளை எடுத்துவந்து அதில் குங்குமத்தைப் பதவிசாகக் கொட்டி உன் கையில் கொடுத்திருக்கிறார். "வெச்சிக்கப்பா. போய் உக்காந்து பரீட்சை எழுது, மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றிருக்கிறார். இதைச் சொல்லும்போது, "ஒரு துளி கூட சிந்தலமா" என்று நீதான் சொன்னாய். ஊரார் வேறு மாதிரிப் பேசினார்கள். கேட்டுக் கேட்டு உனக்கும் அதுவே ஞாபகமாகிவிட்டது போலிருக்கிறது. அதற்காக உன்னை நான் குற்றம் சொல்ல முடியுமா?

மறுநாள் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உன்னை வெளியே வராந்தாவில் நிற்க வைத்துவிட்டார்கள், அதனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. மேஜைக்கு அந்தப் பக்கம் பிரின்சிபாலும் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒரு பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். ரஹீம் சார் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். சின்ன வயசு, கல்யாணம்கூட ஆகியிருக்காது. அவர் எழுதிக் கொடுத்த காகிதம் மேஜைமேல் இருந்தது. அது சென்னையில் யுனிவர்சிட்டிக்குப் போனால் நீ சில வருஷத்துக்குப் பரீட்சையே எழுத முடியாது என்று பியூன் என்னிடம் சொல்லியிருந்தான். எனக்குக் காலித் தறிதான் கண்முன்னால் நின்றது. "யாரும்மா இதை மடிச்சது?" என்று பிரின்சிபால் கேட்டார். "நான்தாங்க சாமி. கைக்கு வந்த தாளுங்க. நெசவுக்காரப் பொம்பள நானு, எனக்கு இன்னாங்க தெரியும் எழுத்தும் படிப்பும்? கைநாட்டுங்க நானு" என்று சொல்லி அழுதேன்.

அழுகை நிஜம்தான், பயத்தில் வந்தது. மற்றதெல்லாம் பொய். நம்மைப் போன்றவர்களைப் பற்றி அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் நினைப்பதையே எடுத்து அவர்களிடம் கொடுத்தேன். உடனே நம்பிவிட்டார்கள். பெரியவர் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு ரஹீம் சார் பக்கம் திரும்பி, "அம்பாள் பிரசாதத்தைக் கீழே கொட்டினீராமே?" என்று கேட்டார். "கொட்டல சார்" என்றார் அவர். "உமக்கு எங்கே அதோட அருமை தெரியப்போவுது" என்றார் பெரியவர். அப்போது ரஹீம் சார் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் அவர் கொட்டவில்லை என்று. முந்தின நாள்தானே நீ சொன்னாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். சத்தம் போடவில்லை, "நான் பார்த்ததைத்தான் சார் எழுதியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அந்தக் காகிதம் சென்னைக்குப் போகவே இல்லை. ஜூன் மாதம் காலேஜ் திறந்தபோது ரஹீம் சார் அங்கே இல்லை. தற்காலிக வேலைதான், நீட்டிக்கவில்லை, அவ்வளவுதானே என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

நீ பாஸ் செய்தாய். உன் அப்பா கண்ணை மூடுகிற வரைக்கும், "அந்தக் குங்குமம்தான் எம்புள்ளைய காப்பாத்திச்சி" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கந்தக அமிலக் கேள்வி அன்றைக்குப் பரீட்சையில் வந்தது. தாளை வாங்கி வைத்துக்கொண்டவர் கண்முன்னாலேயே உட்கார்ந்து நீ படம் போட்டு, கணக்குப் போட்டு, முழுக்க எழுதினாய். வீட்டுக்கு வந்து, "எங்கியும் நிக்காம வந்துச்சிமா" என்று சிரித்தாய். எனக்கு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. எல்லாரையும் ஏமாற்றினேன் என்பது ஒரு பாவம். உன்னை நம்பாமல் போனேனே, அதை என்னவென்று சொல்வது? நேர்மையாகப் படித்த பிள்ளையின் சட்டைப் பையில் பெற்றவளே திருட்டுப் பொருளை வைத்து அனுப்பியிருக்கிறேன். என்னை மன்னித்துக்கொள் ஏகாம்பரம். கேட்க எனக்கு வாயில்லை, அதனால் எழுதுகிறேன்.

ரஹீம் சார் அவர் அண்ணனோடு சேர்ந்து ஒலிமுகமதுபேட்டைப் பக்கம் பூட்டு, கீல், ஆணி விற்கிற கடையில் உட்கார்ந்தார் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதன் பிறகு நான் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. நான்கு ஆணி வாங்க பஸ் ஏறி ஐயம்பேட்டைக்குப் போனவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "இன்னாடி, ஐயம்பேட்டை ஆணிக்கு ரெண்டு தலையா இருக்குது?" என்று உன் அப்பா கேலி செய்வார். உன் கடிதம் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவரிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. இன்று காலையில் அந்தக் கடைக்குப் போனேன்.

தாடி பாதி நரைத்துவிட்டது. யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். "ரஹீம் சாருங்களா?" என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "சாரெல்லாம் எப்பவோ போச்சும்மா. பாய்னு கூப்புடுங்க, எல்லாரும் அப்படித்தான். இன்னா வேணும்?" என்றார். "நான் ஏகாம்பரத்தோட அம்மா" என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார். ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. பையன் காலேஜ்ல வாத்தியாரா இருக்கான்னு கேள்விப்பட்டேனே. இன்னா சப்ஜெக்ட்டு?" என்று கேட்டார். "கெமிஸ்ட்ரிங்க" என்றேன். "கெமிஸ்ட்ரியா!" என்று அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவருடைய பாடம் அது. அவர் நிற்க வேண்டிய இடத்தில் நீ நிற்கிறாய். அவரோ நல்ல பாடத்தைத்தான் எடுத்திருக்கிறான் என்று சந்தோஷப்படுகிறார். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இலையிலிருந்து தாளுக்கு மாற்றியது, மேலே இருந்த தாள்களைத் தள்ளியது, படிக்கத் தெரியாது என்று சொன்னது, முகத்தை மூடிக்கொண்டது.

அவர் கையிலிருந்த ஆணிகளைத் தட்டில் கொட்டினார். பிறகு, "பையனுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "தெரியாதுங்க" என்றேன். "அதான் எனக்கு அப்பவே தெரியுமே. தாளைப் பிரிச்சப்ப அவன் மூஞ்சப் பார்த்தேன். பேய் அறைஞ்ச மாதிரி நின்னான். 'மாணவன் அறியாமல் வந்திருக்கலாம், தீர விசாரிக்கவும்'னு அதையும் சேத்துத்தான் எழுதிக் குடுத்தேன். யாரும் படிச்சே பாக்கலம்மா" என்றார். நினைத்துப் பார் ஏகாம்பரம். உன்னைக் கெடுக்க வந்தவர் என்று நாம் நினைத்திருந்தவர்தான் அந்த அறையிலேயே உனக்காக உண்மையை எழுதி வைத்திருந்தவர். அந்தக் காகிதம் போகவேண்டிய இடத்துக்குப் போயிருந்தால் விசாரித்திருப்பார்கள். நீ தப்பித்திருப்பாய், நான் அகப்பட்டிருப்பேன். நியாயம் அதுதான். பரீட்சைச் சட்டம் என்றால் பிள்ளைகள் கழுத்தை நெறிக்கிற கயிறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆளை நான்தான் தள்ளிவிட்டேன்.

கிளம்பும்போது அவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "இத அவன்கிட்ட சொல்லிக்கினு இருக்காதீங்கம்மா. பசங்க முன்னாடி நிக்கிறவன், மனசு ஒடிஞ்சிடும்" என்றார். இப்போதும் உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறவர் அவர்தான். அவர் பேச்சை நான் கேட்கவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒருமுறை நான் செய்தது போதும். அவர் மறுபடியும் உட்கார்ந்து தராசைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். "ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. வேல போச்சு, அது போவட்டும், அல்லா இத குடுத்தான். ஆனா நான் பொறந்த ஊரும்மா இது. தேர் வந்தா நாங்களும் கடைய மூடிக்கினு நின்னு பாக்கறவங்க. இன்னிக்கும் எவனாவது என்னைக் காட்டி, இவன்தான் குங்குமத்தக் கொட்டினவன்னு சொல்றான். என் கையால அது கீழ விழலம்மா. அவனுக்குத் தெரியும். அவன் ஒருத்தனுக்காவது ஞாபகம் இருக்குதான்னு கேளுங்க" என்றார். உன் கடிதம் என் இடுப்பில் செருகியிருந்தது. ஞாபகம் இருக்கிறது என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அதுவும் ஒரு பொய்தான், அதை நீதான் மெய்யாக்க வேண்டும்.

வியாழக்கிழமை நீ என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், வயசாகிவிட்டது, சொல்லாமல் இருக்கத் தெரியவில்லை. அந்தப் பையனின் தாயும் என்னைப் போலத்தான் செய்திருப்பாள் என்று முடிவு கட்டிவிடாதே. அவள் நிஜமாகவே கைக்கு வந்த தாளை எடுத்திருக்கலாம். பையனைக் கேள், அவளைக் கேள், பொறுமையாகக் கேள். அவள் அழுதால் தண்ணீர் கொடு, ஆனால் அழுகையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே. தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு ஏழைப் பொம்பளை சொன்னால், அதை உடனே நம்புவதும் ஒருவிதத்தில் அவளைக் கேவலமாக நினைப்பதுதான். ஹாலுக்குள் தாள் துண்டு எதுவும் கூடாது என்று பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லாமல் பெற்றவர்களுக்கும் தமிழில் எழுதி வாசலில் ஒட்டச் சொல். என்ன ஆனாலும் சரி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்த அந்தப் பெண்ணை மன்னிப்புக் கேட்க விடாதே. அவள் எழுதியதை முழுக்கப் படி. வேண்டுமானால் இந்தக் கடிதத்தை அங்கேயே சத்தம் போட்டுப் படி, எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு முன்னால், விசாரணை தொடங்குவதற்கே முன்னால், ரஹீம் சாருக்கு ஒரு கார்டு போடு. குங்குமம் கீழே விழவில்லை, எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அதில் எழுது. அவர் கடை விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

தபால் கட்டு கிளம்புவதற்குள் இதைச் சேர்க்க வேண்டும். நீ கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள், பதில் போட நாளானாலும் பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
எழுதப் படிக்கத் தெரிந்த உன் அம்மா